வாசகர் கேள்வி பதில்: டிஷ்ஷா, ஃபைபரா?

கேள்வி: மழை வலுத்தால் எங்கள் டி.வி.யில் ‘சிக்னல் இல்லை’ என்று வந்துவிடுகிறது. டிஷ்ஷைக் கழற்றிவிட்டு ஃபைபர் இணைப்பு எடுத்து, அதிலேயே டி.வி. பார்க்கும்படி வளைகுடாவில் இருக்கும் மகன் சொல்கிறான். நானும் மனைவியும் பார்ப்பது செய்திகள், தொடர்கள், இரண்டு மலையாளச் சேனல்கள், அவ்வளவுதான். மாற்றலாமா? (வாசகர், குலசேகரம்)

பதில்: உங்கள் தேவைக்கு டிஷ்ஷைக் கழற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. செயற்கைக்கோளிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் கடந்து டிஷ்ஷுக்கு வரும் டி.டி.எச். அலைகள், தரையை நெருங்கும் கடைசிச் சில கிலோமீட்டரில் அடைமழையில் சிக்கும்போது, துளிகளால் உறிஞ்சப்பட்டும் சிதறடிக்கப்பட்டும் வலுவிழந்துவிடுகின்றன. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் பெய்யும் குமரி மாவட்டத்தில் இதைத் தவிர்க்க முடியாது. ஆனால், மழை தணிந்ததும் யாரும் வந்து தொடாமலே படம் திரும்பிவிடும்.

தூறலுக்கே படம் போகிறதென்றால் பழியை மழைமேல் போடக் கூடாது. செட்டாப் பாக்ஸ் மெனுவில் சிக்னலின் தரத்தைக் காட்டும் பக்கத்தை ஒரு வெயில் நாளில் திறந்து பாருங்கள். அப்போதும் அளவு குறைவாக இருந்தால், காற்றில் டிஷ் சற்றுத் திரும்பியிருக்கலாம், டிஷ்ஷின் முன்னே நீட்டியிருக்கும், அலைகளை வாங்கும் கருவியான எல்.என்.பி.யில் கேபிள் இணையும் முனையில் நீர் இறங்கித் துரு ஏறியிருக்கலாம். நம் பகுதி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8 டிகிரியிலேயே இருப்பதால், இங்கு டிஷ் வானத்தில் நல்ல உயரத்தை நோக்குகிறது. ஆகவே தொலைவில் நிற்கும் ரப்பர் மரங்களால் தொல்லை இல்லை. மொட்டைமாடிமேல் சாய்ந்த தென்னை இருந்தால் அதன் ஓலையைக் கவனியுங்கள்.

ஃபைபரில் ஓடுவது ஒளி என்பதால் மழை அதை ஒன்றும் செய்யாது. எனினும் அந்தக் கேபிள் கம்பம் கம்பமாகத் தோப்புகளின் ஊடே வருவது. ஒரு கிளை முறிந்து விழுந்தால், சரிசெய்ய ஆள் வரும்வரை டி.வி.யும் இல்லை, மகனுடன் வீடியோ அழைப்பும் இல்லை. 2017 ஒக்கி புயலில் மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மின்சாரம் போனால் டிஷ்ஷுக்கு வீட்டு இன்வெர்ட்டர் போதும். ஃபைபருக்கோ, வழியில் உள்ள ஆபரேட்டரின் கருவிகளுக்கும் மின்சாரம் வேண்டும்.

செலவையும் பாருங்கள். இணைய வாடகை தனி, கட்டணச் செயலிகளின் சந்தா தனி, ஸ்மார்ட் டி.வி. இல்லையென்றால் டி.வி.யில் செருகி இணையச் செயலிகளைப் பார்க்க உதவும் ஸ்டிக் தனி. டிஷ்ஷில் 2019 முதல் சேனல்களைத் தனித்தனியே தேர்ந்தெடுக்கலாம் என்பதால், அந்த இரு மலையாளச் சேனல்களின் விலையைக் கூட்டிப் பார்த்து, லாபமென்றால் அவற்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். முழுப் பேக்கையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள், அசையாதீர்கள். வேறு தேவைக்காக ஃபைபர் எப்படியும் வரப்போகிறதென்றால், அதன்பின் டிஷ் வேண்டுமா என்று யோசிக்கலாம்.

கேள்வி: பக்கத்து வீட்டில் கூச்சல் கேட்ட பிறகுதான் எங்கள் டி.வி.யில் விக்கெட் விழுகிறது. இணையம் வழியேதான் கிரிக்கெட் பார்க்கிறோம். வேகமான இணையத் திட்டத்துக்கு மாறினால் சரியாகுமா? (வாசகி, குளச்சல்)

பதில்: ஆகாது. இணைய ஒளிபரப்பில் காட்சியைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறார்கள். படம் தடைபடாதிருக்கச் செயலி சில துண்டுகளைச் சேர்த்துவைத்த பிறகே காட்டத் தொடங்குவதால், அரை நிமிடம் வரைகூடப் பிந்தலாம். பக்கத்து வீட்டில் இருப்பது டிஷ்ஷாக இருக்கும். கைபேசி ஹாட்ஸ்பாட்டில் பார்ப்பவரானால் இன்னொன்று: எச்.டி. தரத்தில் மணிக்கு 3 ஜி.பி. வரை செலவாகும், தினம் 2 ஜி.பி. தரும் பேக், முதல் இன்னிங்ஸ் முடியும்வரைகூடத் தாங்காது.