ஹிஞ்ச் விரிஞ்சு போனா அது பிசிக்கல் டேமேஜா, கம்பெனி தப்பா?

கேள்வி: ஆன்லைன்ல 94,000 ரூபாய்க்கு கேமிங் லேப்டாப் வாங்கி எட்டு மாசம் ஆகுது. மூடிய திறக்கும்போது இடது ஹிஞ்ச் (மூடியையும் கீழ் பாகத்தையும் இணைக்கிற கீல்) கிட்ட பாடி விரிஞ்சிடுச்சு. வைஃபை அடிக்கடி கட் ஆகுது, டைப்-சி போர்ட்ல மானிட்டர் மாட்டினா டிஸ்ப்ளே வரல. சர்வீஸ் சென்டர்ல பிசிக்கல் டேமேஜ், வாரண்டி கிடையாது, 14,000 கட்டுங்கன்னு சொல்றாங்க. பில் அப்பா கடை ஜிஎஸ்டி நம்பர்ல இருக்கு. கேஸ் போட முடியுமா? (கல்லூரி மாணவர், திருப்பூர்)

பதில்: தாராளமா போடலாம் தம்பி, ஆனா மூணு புகாருக்கும் ஒரே அளவு பலம் இல்ல.

ஹிஞ்ச் விஷயம்தான் உங்க கேஸ்ல பலமானது. கீழ விழுந்த லேப்டாப்னா மூலை நசுங்கியிருக்கும், ஓரத்துல கீறல் இருக்கும். ஆனா ஹிஞ்ச் ரொம்ப டைட்டா இருந்து அத பிடிச்சிருக்கிற ஸ்க்ரூ வெறும் பிளாஸ்டிக்ல உக்காந்திருந்தா, தினமும் திறந்து மூடுறதுலயே அந்த பிளாஸ்டிக் உள்ளயே பேத்துக்கிட்டு வந்துடும், வெளிய ஒரு அடி பட்ட தடம் கூட இருக்காது. அதனால இன்னைக்கே நாலு மூலையும் தெளிவா தெரியிற மாதிரி போட்டோ எடுங்க, விரிசல கிட்டக்க வச்சு வீடியோ எடுங்க. சர்வீஸ் சென்டர் ஜாப் ஷீட்ல பிசிக்கல் டேமேஜ்னு எழுதி கையெழுத்து கேப்பாங்க, சும்மா போட்டுடாதீங்க, "கீழ விழவில்லை, இதை நான் ஒத்துக்கொள்ளவில்லை"ன்னு உங்க கையால எழுதிட்டு போடுங்க, காப்பியும் வாங்கிக்கோங்க. வெளிக்கடையில மட்டும் பிரிச்சு ஒட்டிடாதீங்க, ஏன்னா குறை இருக்குன்னு முதல்ல காட்ட வேண்டியது நம்ம பொறுப்பு, எதிர்த்தரப்பு மறுத்தா நுகர்வோர் கமிஷன் (நுகர்வோர் கோர்ட்) நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் 38-வது பிரிவுல லேப்டாப்ப பரிசோதனைக்கு அனுப்பலாம், வேற ஆள் கை வச்சிருந்தா அந்த வாய்ப்பே கெட்டுடும்.

டைப்-சி பத்தி ஒண்ணு கேக்கணும். வாங்கின பேஜ்ல அந்த போர்ட்டுக்கு டிஸ்ப்ளே சப்போர்ட் இருக்குன்னு போட்டிருந்தாங்களா? எல்லா டைப்-சியும் படம் காட்டாது, சிலது டேட்டாவுக்கு மட்டும்தான். டிஸ்ப்ளே போர்ட்னு போட்டிருந்தா அந்த பேஜ உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி விக்கிறவர் சொன்ன தரத்துல பொருள் இல்லன்னாலே அது குறைபாடுதான், ஈ-காமர்ஸ் விதிகள் 2020-ம் விளம்பரத்துல சொன்ன அம்சம் இல்லாத பொருள திரும்ப வாங்க மாட்டேன்னு விற்பனையாளர் சொல்லக்கூடாதுங்குது. ஒண்ணுமே போடலைன்னா இந்த புகார விட்டுடுங்க, பலமில்லாத புகார் பலமான புகாரையும் சேத்து கெடுக்கும்.

வைஃபைக்கு அதே ரூம்ல போன் நல்லா ஓடும்போது லேப்டாப் மட்டும் கட் ஆகுறத ஒரே வீடியோவுல காட்டுங்க, இல்லன்னா ரவுட்டர் மேல பழிய போட்டுடுவாங்க.

முதல்ல கம்பெனிக்கும் பில்லுல பேர் இருக்கிற விற்பனையாளருக்கும் ஈமெயில், அப்புறம் 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன். அதுலயும் நகரலைன்னா பதிவுத்தபால்ல ஒரு நோட்டீஸ், இது கட்டாயம் இல்ல ஆனாலும் கமிஷன்ல உதவும். நீங்க குடியிருக்கிற மாவட்ட கமிஷன்லயே மனு போடலாம், கம்பெனி ஆபீஸ் எந்த ஊர்ல இருந்தாலும் பரவாயில்ல. 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, வக்கீல் இல்லாம நீங்களே வாதாடலாம், கெடு 2 வருஷம். ஸ்க்ரீன்ஷாட், வீடியோ எல்லாத்துக்கும் 2023 பாரதிய சாக்ஷ்ய சட்டம் (சாட்சிய சட்டம்) 63(4) பிரிவு கேக்குற, டிஜிட்டல் ஆதாரத்துக்கான சான்றிதழ் சேத்து வச்சிடுங்க. ரிப்பேர், மாத்து பொருள், இல்லன்னா பணம் வாபஸ்னு மூணையும் மாற்று வழியா கேளுங்க, அலைக்கழிச்சதுக்கு நஷ்டஈடும் கேளுங்க.

எனக்கு கவலை அந்த ஜிஎஸ்டி நம்பர் மேலதான். வியாபாரத்துக்கு வாங்கினது, நீ நுகர்வோரே இல்லன்னு எதிர் வக்கீல் எழுந்து நிப்பார். வாங்கினவர் சம்மதத்தோட பயன்படுத்துறவரும் நுகர்வோர்தான்னு நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் 2(7) பிரிவு சொல்லுது, நீங்க படிக்கிறதுக்கு வச்சிருக்கீங்கன்னா காலேஜ் ஐடி, ஃபீஸ் ரசீது போதும். ஆனா அப்பா அந்த பில்ல வச்சு இன்புட் டாக்ஸ் கிரெடிட் (வாங்கும்போது கட்டின ஜிஎஸ்டிய கடை கட்ட வேண்டிய வரியில கழிச்சுக்கிறது) எடுத்திருந்தா சிக்கல், வியாபார உபயோகத்துக்குத்தான் அந்த கிரெடிட்டே, கணக்குல ஒண்ணு கமிஷன்ல ஒண்ணுன்னு பேச முடியாது. அதனால நோட்டீஸ் அனுப்புறதுக்கு முன்னாடி ஆடிட்டர்கிட்ட கேட்டு, எடுத்திருந்தா முறைப்படி திருப்பிக் கட்ட சொல்லுங்க, கட்டின சலானையும் மனுவோட சேத்து வைங்க.