படுக்கைப் புண் தொடங்குகிறதா? ஸ்பிரிட்டையும் பவுடரையும் தள்ளி வையுங்கள்

கேள்வி: அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வயது 62. மாமியாருக்கு 84. ஆறு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மூக்கு வழியாக உணவு கொடுக்கிற ரைல்ஸ் ட்யூப், யூரின் ட்யூப் இரண்டும் இருக்கின்றன. கணவர் இன்சுலின் போடுகிறவர். எல்லாவற்றையும் நான்தான் பார்க்கிறேன். ஒரு வாரமாக அத்தைக்கு முதுகெலும்பு முடிகிற இடத்தில் சிவந்திருக்கிறது. ஸ்பிரிட் போட்டுத் தேய்த்து, பவுடர் போட்டு, நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையமான ஏர் ரிங்கும் வைத்துவிட்டேன், போகவில்லை. ட்யூப்பை நானே வீட்டில் மாற்றலாமா? ஆள் வைக்கலாம் என்றால், "நீயே நர்ஸ்தானே, வெளி ஆள் எதுக்கு?" என்கிறார்கள். என் இடுப்பும் போய்விட்டது.

பதில்: சிஸ்டர், முதலில் அந்தச் சிவப்பைப் பார்ப்போம், மற்றது எல்லாம் அப்புறம். அந்த இடத்தை விரலால் மூன்று விநாடி அழுத்திவிட்டு எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் ரத்த ஓட்டம் இன்னும் இருக்கிறது, அழுத்தத்தை எடுத்தாலே சரியாகிவிடும். வெளுக்காமல் அப்படியே இருந்தால் அது முதல் நிலைப் படுக்கைப் புண், தோல் கிழியவில்லை என்பதற்காக அதைப் புண் இல்லை என்று நினைக்காதீர்கள். நம் ஊர் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது, பல பேருக்குக் கருத்தோ ஊதா கலந்தோதான் இருக்கும். அதனால் புறங்கையை வைத்துப் பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த இடம் மட்டும் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருந்தால் உள்ளே சதை அடிபட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

அப்படி அடிபட்ட சதையைத் தேய்த்தால் இன்னும் சிதையும். நாம் படித்த காலத்தில் பேக் கேர், அதாவது முதுகுப் பராமரிப்பு என்றால் ஸ்பிரிட், பவுடர், மசாஜ்தான், பிராக்டிகலில் அதற்கு மார்க்கே உண்டு. அன்றைக்கு அதுதான் சரி என்று சொல்லிக்கொடுத்தார்கள், நீங்களும் அக்கறையோடுதான் செய்திருக்கிறீர்கள். ஆனால் இன்றைய வழிகாட்டுதல்கள் படுக்கைப் புண்ணைத் தடுக்க மசாஜ் செய்யாதீர்கள் என்றே சொல்கின்றன. ஸ்பிரிட் தோலின் எண்ணெய்ப்பசையை எடுத்து வறட்சியாக்கிவிடும், பவுடர் வியர்வையில் கட்டி கட்டியாகி மணல் மாதிரி உரசும். ஏர் ரிங்கும் வேண்டாம். நடுவில் இருக்கிற இடம் அழுத்தத்திலிருந்து தப்பித்துவிட்டதாகத் தெரியும், ஆனால் வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, நடுவுக்கு வருகிற ரத்தத்தையே குறைத்துவிடும். குதிகாலுக்கு அடியில் தண்ணீர் நிரப்பிய கிளவுஸ் வைக்கிற பழக்கமும் இதே வகைதான், அதையும் விட்டுவிடுங்கள்.

சரி, அப்ப என்ன செய்வது? ஒருக்களித்துப் படுக்க வைக்கும்போது முழுசாக 90 டிகிரி திருப்பாதீர்கள். அப்படித் திருப்பினால் இடுப்பு எலும்பு முனையில் மொத்த எடையும் இறங்கும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகி 30 டிகிரி மட்டும் சாய்த்து, அந்தச் சிவந்த இடத்துக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். கை தடையில்லாமல் போய் வந்தால் சரியாக வைத்திருக்கிறீர்கள். கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் இன்னொரு தலையணை வையுங்கள், குதிகால் அந்தரத்தில் நிற்க வேண்டும். திருப்பும்போது வலது கையைப் பிடித்து மட்டும் இழுக்கவே கூடாது, பக்கவாதம் வந்த தோள்மூட்டு லேசில் நழுவிவிடும், அந்த வலியை அவர்களால் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது.

எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்புவது? நமக்கெல்லாம் ரத்தத்தில் ஊறியது 2 மணி நேரக் கணக்கு. சிகிச்சை வழிமுறைகளை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அதிக ஆபத்து உள்ளவர்களுக்குக் குறைந்தது 4 மணி நேரத்துக்கு ஒரு முறை என்கிறது. சிவப்பு இருக்கும்வரை பகலில் 2 மணி நேரத்தை விடாதீர்கள். ராத்திரியில் நல்ல மெத்தை இருந்தால் 10, 2, 6 என்று வைத்துக்கொண்டு, காலையில் தோலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சிவப்பு கூடியிருந்தால் அந்த இடைவெளி அவர்களுக்கு ஒத்துவரவில்லை, குறைத்துவிடுங்கள்.

ஏர் பெட் வாங்கியிருந்தால் அதன் மேல் என்னென்ன விரித்திருக்கிறீர்கள் என்று இன்றைக்கே எண்ணிப் பாருங்கள். மெக்கின்டோஷ் என்கிற ரப்பர் ஷீட், பெட்ஷீட், ஆளை நகர்த்த இடுப்புக்கு அடியில் குறுக்காகப் போடுகிற டிரா ஷீட், அதற்கு மேல் ஈரம் உறிஞ்சும் அண்டர்பேட், அதற்கு மேல் டயப்பர் என்று அடுக்கினால் கீழே காற்று ஏறி இறங்குவது உடம்புக்குத் தெரியவே தெரியாது. ஒரு துணி, ஒரு அண்டர்பேட், அவ்வளவு போதும். கரண்ட் போனால் மெத்தை இறங்கிவிடும் என்பதால் அடியில் பழைய இலவம்பஞ்சு மெத்தையோ ஃபோமோ இருக்கட்டும், வெறும் பலகைக் கட்டிலில் ஏர் பெட்டை விரிக்காதீர்கள்.

பெரும்பாலும் யாரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. ட்யூப்பில் ஃபீட் கொடுக்கும்போது தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்துகிறோம், கொடுத்த பிறகும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் அப்படியே வைக்கிறோம், நுரையீரலுக்குள் போகாமல் இருக்க அது கட்டாயம். ஆனால் அந்த நேரத்தில் உடம்பு மெல்லக் கீழே சறுக்கும். தோல் துணியோடு ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் உள்ளே கீழிறங்கும், இரண்டுக்கும் நடுவில் ரத்தக்குழாய்கள் முறுக்கிக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஆறு ஃபீட் என்றால் ஆறு தடவை இது நடக்கிறது. அதனால் தலையை உயர்த்துவதற்கு முன்பே தொடைக்கு அடியில் தலையணை வைத்து முழங்காலை லேசாக மடக்கிவிடுங்கள், நேரம் முடிந்ததும் தலையை 30 டிகிரிக்குக் கீழே இறக்கிவிடுங்கள். உங்கள் அத்தையின் சிவப்புக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சுத்தம் செய்தபின் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஈரம் படுகிற இடத்தில் ஜிங்க் ஆக்சைடு க்ரீமோ வாசலினோ மெல்லிசாகப் பூசினால் போதும். புரதம் இல்லாமல் எந்தத் தோலும் ஆறாது. கிட்னி கோளாறு இல்லை என்றால் ஒரு கிலோ எடைக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை தேவை, 50 கிலோ உடம்புக்கு சுமார் 62 முதல் 75 கிராம். வெறும் அரிசிக் கஞ்சித் தண்ணீரும் இளநீரும் ஊற்றிக்கொண்டிருந்தால் இதில் கால்வாசிகூடத் தேறாது. பால், வடிகட்டிய பருப்பு, முட்டை வெள்ளைக்கரு, டாக்டர் சொல்கிற புரத மாவு எல்லாம் சேரட்டும். கொப்புளம், கருப்பு, நாற்றம், சீழ், காய்ச்சல் இதில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

அடுத்து ட்யூப். ரைல்ஸ் ட்யூப்பை வீட்டில் தனியாக நீங்களே போட வேண்டாம். உங்கள் கையைச் சந்தேகித்துச் சொல்லவில்லை. பக்கவாதம் வந்தவர்களுக்கு இருமல் உணர்வு மங்கியிருக்கலாம், ட்யூப் மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமலோ திணறலோ இல்லாமல் அமைதியாக இருப்பார்கள். சிரிஞ்சால் காற்றைத் தள்ளி ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்கிற சோதனையை நாம் எல்லோரும் செய்தோம், ஆனால் ட்யூப் நுரையீரலில் இருந்தாலும் அதே சத்தம் கேட்கும், அதனால் அதை இப்போது நம்பச் சொல்வதில்லை. உறிஞ்சி எடுத்த திரவத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் எக்ஸ்ரே. வீட்டில் உங்கள் வேலை, மூக்கு ஓரத்தில் ட்யூப்பில் மார்க்கர் கோடு போட்டு வைத்து ஒவ்வொரு ஃபீடுக்கு முன்னும் அது நகர்ந்திருக்கிறதா, வாய்க்குள் சுருண்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான். ட்யூப் வெளியே வந்துவிட்டால் ஃபீடை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அப்படிப் போகும்போது இன்னொன்றும் கேளுங்கள்: ஆறு மாதம் ஆகிவிட்டது, விழுங்கும் திறனை மறுபடி யாராவது சோதித்தார்களா? நாலைந்து வாரத்துக்கு மேல் ட்யூப் தேவைப்படும் என்றாலே வயிற்று வழியாகப் போடும் பெக் ட்யூப் பற்றி யோசிப்பது வழக்கம்.

யூரின் ட்யூப்புக்கும் முதல் கேள்வி, அது இன்னும் எதற்கு இருக்கிறது என்பதுதான். டாக்டர் ஒப்புக்கொண்டால் எடுத்துப் பார்க்கலாம். இருக்கத்தான் வேண்டும் என்றால் பையை இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்கவிடுங்கள். சிறுநீர் கலங்கலாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் ஆரம்பிக்காதீர்கள், ட்யூப் உள்ளவர்களுக்குச் சிறுநீரில் கிருமி இருப்பது சாதாரணம். காய்ச்சல், நடுக்கம், திடீர்க் குழப்பம் வந்தால்தான் கதை வேறு.

இனி உங்கள் இடுப்பு. பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நயோஷ் அமைப்பைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர் 2007-இல் கணக்கிட்டுச் சொன்ன வரம்பு, நோயாளியைத் தூக்குவதில் ஒருவர் தாங்கலாம் என்பது 35 பவுண்டு, ஏறத்தாழ 16 கிலோ. அதுவும் எல்லாம் சாதகமாக இருக்கும்போது. உங்கள் அத்தை எத்தனை கிலோ? அனுபவம் இருந்தாலும் எலும்பு எலும்புதானே. வீட்டுக் கட்டில்கள் தாழ்வானவை, குனிந்து குனிந்தே முதுகு போகிறது, அதனால் தச்சரைக் கூப்பிட்டு நான்கு கால்களுக்கும் நகராத மரக்கட்டை வைத்துக் கட்டிலை உங்கள் இடுப்பு உயரத்துக்குக் கொண்டு வாருங்கள், பக்கத்தில் கம்பித் தடுப்பும் போட்டுவிடுங்கள், அத்தை உருண்டு விழாமல் இருக்க. மேலே இழுத்துப் படுக்க வைக்கும்போது டிரா ஷீட்டைப் பிடித்து இரண்டு பேராகத்தான் இழுக்க வேண்டும். தனியாக இருந்தால் இரண்டாவது ஆள் வரும்வரை அப்படியே இருக்கட்டும், பத்து நிமிடத்தில் ஒன்றும் ஆகிவிடாது.

அப்ப அந்த இரண்டாவது ஆள் யார்? இதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது. வார்டில் ஒரு நோயாளியை 24 மணி நேரமும் ஒரே நர்ஸ் பார்த்ததாக எங்காவது உண்டா? மூன்று ஷிஃப்ட், கூட ஆயாம்மா, கூப்பிட்டால் டாக்டர். அந்த மொத்த வார்டின் வேலையையும் உங்கள் ஒருத்தி தலையில் ஏற்றிவிட்டு "நீயே நர்ஸ்தானே" என்றால் அது நியாயமே இல்லை. நீங்கள் வார்டு இன்சார்ஜ் ஆகுங்கள். மருந்து, ட்யூப், தோல், எப்போது டாக்டரைக் கூப்பிடுவது, இவை உங்கள் கையில் இருக்கட்டும். திருப்புவது, குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் யாருக்கும் சொல்லிக்கொடுக்கலாம். கணவர் இன்சுலினைத் தானே போட்டு நோட்டில் தானே எழுதட்டும். ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது அவருக்கே தெரிந்திருக்கட்டும். ராத்திரி 2 மணித் திருப்பம் மகனோ மருமகனோ யாராவது எடுத்துக்கொள்ளட்டும். கட்டில் தலைமாட்டில் ஒரு நோட்டு கட்டித் தொங்கவிட்டு, நேரம், எந்தப் பக்கம், ஃபீட், யூரின் அளவு என்று ஷிஃப்ட் மாறும்போது எழுதுகிற ஹேண்ட் ஓவர் மாதிரி எழுத வையுங்கள். காலையில் மட்டும் நாலு மணி நேரத்துக்கு ஒரு ஆள் வைத்தாலும் போதும். வருகிறவர் பயிற்சி பெற்றவர்தானா என்று கேளுங்கள், முதல் வாரம் உங்கள் கண் முன்னால் செய்யட்டும்.

அரசு உதவியையும் விட வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையும் பிசியோதெரபியும் தருகிறார்கள், பி.பி., சுகர் மாத்திரையும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அத்தையின் பெயரைப் பதிந்து கேளுங்கள், தகவலுக்கு 104. முதியோர் உதவி எண் 14567. அங்கே போகிற அன்றைக்கே உங்களுக்கும் பி.பி., சுகர் பார்த்துவிட்டு, இடுப்பு வலியையும் டாக்டரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.