மூட்டு வலி, மூச்சு வாங்கல், தொடை உரசல்: பருமனான பெண்களின் கேள்விகளுக்கு பிசியோதெரபிஸ்ட் பதில்

"வயது 43, எடை 92 கிலோ. தினமும் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் மணலில் நடக்கிறேன். கொஞ்ச நாளாக முழங்காலும் குதிகாலும் வலிக்கின்றன. நடப்பதையே விட்டுவிடு என்கிறார் மாமியார்." – திருப்பாதிரிப்புலியூர்

நடையை விட வேண்டாம், மணலை விடுங்கள். காய்ந்த மணலில் கால் புதையப் புதைய, அதே தூரத்துக்குச் சாலையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி செலவாகும். அந்தப் பாடு குதிகாலுக்கும் கெண்டைக்கால் சதைக்கும்தான். ஈர மணல் இறுக்கமாக இருக்கிறதே என்று அலையோரம் போனால், அங்கே கரை சரிந்திருக்கும். ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலுமாக நடந்தால் முழங்காலும் இடுப்பும் கோணிக்கொள்ளும். பீச்சுக்குப் போகும் சாலையிலோ மஞ்சக்குப்பம் மைதானத்திலோ ஷூ போட்டு நடங்கள்.

அரை மணி நேரத்தை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. காலை பத்து நிமிடம், மதியம் வீட்டுக்குள் பத்து, மாலை பத்து என்று பிரித்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு. நடக்கும்போது பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அதுதான் மிதம்.

லேசான வலி வந்து அன்றிரவே அடங்கினால் பரவாயில்லை. மறுநாள் காலை கட்டிலை விட்டு இறங்கும்போதும் வலி கூடுதலாக இருந்தால் நேரத்தைப் பாதியாக்குங்கள். முழங்கால் வீங்கினாலோ, மடக்கும்போது சிக்கிக்கொண்டாலோ நேரில் காட்ட வேண்டும். மாமியாரிடம் இதையும் சொல்லுங்கள்: முழங்கால் தேய்மானம் உள்ளவர்களை வைத்துச் செய்த ஆய்வில், உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் இறங்கும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைந்தது.

"ஜிம்முக்குப் போனால் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவும் முடியவில்லை. வீட்டில் என்ன செய்வது?" – முத்தியால்பேட்டை

நாற்காலி ஒன்று போதும். பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் வேண்டாம். டைல்ஸ் தரையில் அதன் கால்கள் விரிந்து வழுக்கும். கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, உடம்பை முன்னால் சாய்த்து, கை ஊன்றாமல் எழுந்திருங்கள். உட்காரும்போது 'தொப்'பென்று விழக்கூடாது. மனதுக்குள் நாலு எண்ணிக்கொண்டே இறங்க வேண்டும். நிறையப் பேர் கோட்டைவிடுவது அங்கேதான். முடியவில்லையா, கெட்டித் தலையணை ஒன்றைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். ஐந்து தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஐந்து. அப்புறம் சுவரில் கையூன்றித் தள்ளும் பயிற்சி. வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். மூச்சை அடக்காதீர்கள், பிபி ஏறும்.

நடக்க ஆசையிருந்தால் விடியற்காலையில் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கு வாருங்கள். அந்த நேரம் வண்டிகளை விடுவதில்லை. காந்தி சிலைப் பக்கம் எல்லா உடம்பும் நடக்கிறது. யாருக்கும் யாரையும் பார்க்க நேரமில்லை.

"மொட்டைமாடியில் எட்டு போட்டு நடந்தால் எல்லா நோயும் போகுமாமே?" – நெல்லிக்குப்பம்

நடந்த பலன் கிடைக்கும், அவ்வளவுதான். குட்டி எட்டாகப் போட்டால் ஒவ்வொரு வளைவிலும் முழங்கால் முறுக்கும். மாடி கொள்ளும் அளவுக்குப் பெரிதாகப் போடுங்கள். வாட்ஸ்அப்பை நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

"சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வெறும் வயிற்றில் நடக்கலாமா?" – பண்ருட்டி

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. சில மாத்திரைகளும் இன்சுலினும் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும். உங்களுடையது அந்த வகையா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதுவரை இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு நடங்கள், கையில் குளுக்கோஸ் வைத்திருங்கள். வெறுங்காலோடு நடக்கவே கூடாது, கூழாங்கல் பாதையிலும்தான். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள்.

"கொஞ்சம் வேகமாக நடந்தாலே சிறுநீர் கசிகிறது. வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது." – லாஸ்பேட்டை

வெட்கப்பட ஒன்றுமில்லை. பிரசவம், எடை, மாதவிடாய் நிற்கும் வயது எல்லாம் சேர்ந்து இடுப்பின் அடித்தளத் தசைகளைத் தளர்த்திவிடுகின்றன. வாயு வெளியேறாமல் அடக்குவோமே, அதே மாதிரி இறுக்கி, ஐந்து எண்ணி, முழுக்கத் தளர்த்துங்கள். வயிறும் தொடையும் இறுகக் கூடாது. பத்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். தும்மல் வரும்போது முன்கூட்டியே இறுக்கிக்கொள்ளப் பழகுங்கள். குதிக்கும் பயிற்சிகளை இப்போதைக்கு ஒதுக்குங்கள். எரிச்சலோ ரத்தமோ இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் போய்விடுங்கள்.

"தொடை உரசிப் புண்ணாகிறது." – அரியாங்குப்பம்

சுடிதாருக்கோ புடவைக்கோ உள்ளே முழங்கால் வரை வரும் இறுக்கமான சைக்ளிங் ஷார்ட்ஸ் போடுங்கள். கிளம்பும் முன் வாஸ்லின் மெல்லியதாக. பவுடரை அள்ளிக் கொட்டினால் வியர்வையில் திரண்டு இன்னும் உரசும். குளித்ததும் தொடையிடுக்கையும் மார்புக்கு அடியிலும் ஈரம் போகத் துடையுங்கள். சிவந்து அரித்தால் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. தோல் மருத்துவரைப் பாருங்கள். அடிக்கடி வந்தால் சர்க்கரையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.