பனிக்கரடி பார்க்கப் போனவர்கள் ஒஸ்லோவிலேயே நின்றுவிட்டார்கள்: 34 இலட்சத்துக்கு யார் பொறுப்பு?

கேள்வி:

நானும் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கோண்டாவிலில் இருக்கிறோம். மகன் ஒஸ்லோவில். அத்தானின் எழுபதாவது பிறந்தநாளுக்காக, ரொறன்ரோவில் இருக்கும் அக்கா குடும்பமும் நாங்களுமாக, நோர்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகளைச் சுற்றிக் காட்டும் கப்பல் பயணம் ஒன்றை இந்த யூலைக்குப் பதிந்தோம். பக்கத்துப் பக்கத்து அறை வேண்டுமென்று எல்லோருக்கும் யாழ்ப்பாணத்து முகவர் ஒருவர் ஊடாகவே பதிந்தோம். எங்கள் இருவருக்கும் 34 இலட்சம் ரூபாய். வீசா அலுவலுக்குத் தனியாக 45 ஆயிரம் கட்டினோம்.

ஒஸ்லோ விமான நிலையத்தில் எங்கள் வீசாவைப் பார்த்துவிட்டு, "இது ஒரு தடவை நுழைவதற்கு மட்டும். ஸ்வால்பார்ட் போனால் திரும்ப இங்கே வர முடியாது" என்றார்கள். மகன் விடவில்லை. நாங்கள் அவன் வீட்டிலேயே நின்றுவிட்டோம். கனடாக் கடவுச்சீட்டு என்பதால் அக்கா ஆட்கள் போனார்கள். அவர்களுக்கும் திருப்தியில்லை. துண்டுப்பிரசுரத்தில் "பனிக்கரடியை மிக அருகில்" என்றும் "வானில் நடனமாடும் வடதுருவ ஒளி" என்றும் இருந்தது. கரடியைப் பொட்டுப் போலத்தான் கண்டார்களாம், ஒளி இல்லவே இல்லையாம்.

முகவர் படிவத்தின் பின்பக்கத்தைக் காட்டி, வீசா பயணியின் பொறுப்பு என்கிறார். கப்பல் நிறுவனம், வராதவர்களுக்குப் பணம் திரும்பாது என்கிறது. அடுத்த வருடப் பயணத்தில் பத்து வீதம் கழிவு தருவதாகச் சொல்லி, ஒரு கடிதத்தில் கையொப்பம் கேட்கிறார் முகவர். பொலிசுக்குப் போவதா, நீதிமன்றத்துக்குப் போவதா, பேசாமல் விடுவதா?

பதில்:

ரீச்சர், எங்களிடம் வழமையாக வருவது வேலிப் பிணக்கும் சீதனக் காணியும்தான். பனிக்கரடி வருவது புதிது. ஆனால் கடிதத்தை வாசித்து முடிக்க, உள்ளே இருப்பது பழகின கேள்விதான் என்று தெரிந்தது. காசு வாங்கியவர், வாங்கின காசுக்குரிய வேலையைச் செய்தாரா?

முதலில் வீசா. ஸ்வால்பார்ட் நோர்வேயின் இறைமைக்கு உட்பட்டது. 1920இல் பாரிசில் கையெழுத்தான உடன்படிக்கைதான் அதற்கு அடிப்படை. ஆனாலும் அது, ஒரே வீசாவோடு பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போய்வரக்கூடிய ஷெங்கன் வலயத்துக்கு வெளியே இருக்கிறது. அங்கே இறங்குவதற்கு எந்த நாட்டவருக்கும் வீசா தேவையில்லை. இந்த அரை உண்மையைப் பிடித்துக்கொண்டு "அங்கை வீசா இல்லை அன்ரி, பயப்பிடாதேங்கோ" என்று சொல்லிவிடுவது சுலபம். சிக்கல் போகிற வழியில் இருக்கிறது. நீங்கள் ஒஸ்லோவில் இறங்கியபோதே ஒரு நுழைவு முடிந்துவிட்டது. கப்பல் புறப்படும் லோங்யியர்பியன் நகருக்கு விமானம் ஏறும்போது ஷெங்கனை விட்டு வெளியேறுகிறீர்கள். திரும்பி ஒஸ்லோவுக்கு வருவது இரண்டாவது நுழைவு. ஆகவே இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு இரு தடவை அல்லது பல தடவை நுழையும் வீசா கட்டாயம் வேண்டும். நோர்வே அதிகாரிகள் இதைப் பகிரங்கமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஸ்வால்பார்ட் பயணம் விற்கிறவர் முதலில் தெரிந்திருக்க வேண்டிய விடயம் இது.

உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரு புள்ளடியில். ஷெங்கன் விண்ணப்பப் படிவத்தில், எத்தனை தடவை நுழைய விரும்புகிறீர்கள் என்று ஒரு கேள்வி இருக்கிறது: ஒன்று, இரண்டு, பல. உங்கள் படிவத்தில் "ஒன்று" என்ற கட்டத்துக்குப் புள்ளடி இட்டது யார்? முகவரின் அலுவலகத்தில் ஒரு பிள்ளை கணினியில் நிரப்பி, நீங்கள் கடைசிப் பக்கத்தில் கையொப்பம் வைத்திருந்தால், அவர்கள் "ரீச்சர் வாசித்துத்தானே கையொப்பம் வைத்தவ" என்று சொல்லுவார்கள். சொல்லட்டும். எதைக் கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாததால்தானே 45 ஆயிரம் கட்டி அவர்களிடம் கொடுத்தீர்கள். "பல" என்று கேட்டும் தூதரகம் ஒன்றைத்தான் தந்தது என்றால் கதை கொஞ்சம் மாறும். அப்போதும் கடவுச்சீட்டு கைக்கு வந்தவுடன் ஒட்டியிருக்கும் வீசாவைப் பார்த்து, 01 என்று இருக்கிறது, இதோடு போக முடியாது என்று உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர் அவர்தான். படிவத்தின் பிரதியை இன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அந்த மறுப்பும் எழுத்தில் இருக்கட்டும்.

இதற்குப் பொருந்தும் சட்டம் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். வியாபாரமாகச் சேவை வழங்குகிறவர் அதை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்வார் என்ற உத்தரவாதம், எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்துக்குள் இருக்கிறது என்கிறது அதன் 32ஆம் பிரிவு. ஷெங்கனுக்கு வெளியே போய்த் திரும்பும் பயணத்துக்கு ஒரு நுழைவு வீசாவோடு அனுப்பி வைத்ததைத் திறமை என்று எந்தச் சட்டத்தரணியும் வாதிடச் சிரமப்படுவார்.

சரி, படிவத்தின் பின்பக்கம்? அதைக் கண்டு மலைக்க வேண்டாம். வீசா பயணியின் பொறுப்பு என்ற வாசகம், பயணச்சீட்டு மட்டும் வாங்கிக்கொண்டு வீசாவைத் தானே எடுக்கிறவருக்குப் பொருந்தும். அதே அலுவலகம் "வீசா சேவை, 2 நபர்" என்று எழுதித் தனிப் பற்றுச்சீட்டு தந்திருந்தால், அந்த வாசகம் முகவரின் சொந்தக் கவனக்குறைவை மூடாது என்பது என் கருத்து. அப்படி மூடத்தான் எழுதினோம் என்று அவர் வாதிட்டால், 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் இருக்கிறது. வியாபாரி தன் அச்சடித்த நிபந்தனையால் தன் பொறுப்பைக் கழற்றிவிட நினைத்தால், அந்த நிபந்தனை நியாயமானது என்று காட்ட வேண்டும். ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில், எவரும் வாசித்துச் சொல்லாமல் நீட்டிய தாளுக்கு அது இலகுவல்ல.

முகவர் இன்னொரு கதவையும் தட்டுவார்: "நான் வெறும் முகவர், ஒப்பந்தம் கப்பல் நிறுவனத்தோடு." பாதி சரி. முதல்வர் (முகவரைத் தன் சார்பில் அமர்த்தியவர்), முகவர் விடயத்தில் நாங்கள் பின்பற்றுவது ஆங்கிலச் சட்டம். தன் முதல்வர் யாரென்று சொல்லி ஒப்பந்தம் செய்து வைத்த முகவர், கப்பல் ஓடாததற்கோ உணவு சரியில்லாததற்கோ பொதுவாகப் பொறுப்பில்லை. ஆனால் வீசா அலுவல் கப்பல் நிறுவனத்தின் வேலையல்ல. அது அவர் தன் பெயரில், தன் கட்டணத்துக்கு ஏற்றுக்கொண்டது. ஆகவே கப்பல் கட்டணத்தைத் திருப்பித் தா என்று கேட்காதீர்கள். உன் கவனக்குறைவால் எனக்கு வந்த நட்டம் இவ்வளவு, அதில் வீணாய்ப்போன கப்பல் கட்டணமும் அடங்கும் என்று கேளுங்கள். காசு ஒன்றுதான், ஆனால் முதல் விதமாகக் கேட்டால் அவர் கையை விரித்துவிடுவார்.

பெயர்ப்பலகையில் ஒரு பெயரும் பற்றுச்சீட்டில் இன்னொரு பெயரும் இருப்பது இங்கே சாதாரணம். பணம் எந்தப் பெயரில் உள்ள கணக்குக்குப் போனது, அது பதிவுசெய்த கம்பனியா தனிநபர் வியாபாரமா, இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். கொழும்பு நிறுவனம் ஒன்றின் உப முகவராக இருந்தால் இரண்டு பேருக்கும் கடிதம் போக வேண்டும்.

உங்களுக்கு எதிராகவும் ஒரு வாதம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். "போக வேண்டாம் என்று எவரும் தடுக்கவில்லை, தாங்களாகவே நின்றார்கள்" என்பார்கள். அதோடு, நட்டத்தைக் குறைக்க முயன்றீர்களா என்று நீதிமன்றமும் கேட்கும். அன்று காலையே முகவருக்கு அழைத்தீர்களா? ஒஸ்லோவில் காலை ஒன்பது மணி என்றால் யூலையில் யாழ்ப்பாணத்தில் பகல் பன்னிரண்டரை. கடை திறந்திருக்கும் நேரம். அந்த அழைப்பின் பதிவு, வட்ஸ்அப் செய்திகள், மகன் கப்பல் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் அது, எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின் கீழ் இவை சான்றாக ஏற்கப்படக்கூடியவை. தொலைபேசியை மாற்றும் எண்ணம் இருந்தால் தள்ளிப் போடுங்கள்.

இனி அக்காவின் விடயம். இங்கே இரண்டைப் பிரிக்க வேண்டும். கரடி வராததற்கு ஒருவரும் பொறுப்பில்லை. யூலையில் கடற்பனி வடக்கே விலக, அதன் பின்னால் போகும் கரடிகளும் உண்டு, தீவுகளில் தங்கிவிடுகிறவையும் உண்டு. பனியையும் காற்றையும் பார்த்துக் கப்பல் பாதையை மாற்றும் உரிமை கப்டனுக்கு எந்த ஒப்பந்தத்திலும் இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆனால் "மிக அருகில்" என்ற சொல் வேறு. 2025 ஜனவரி 1 முதல் ஸ்வால்பார்ட்டில் பனிக்கரடியை 300 மீற்றருக்குக் கிட்ட நெருங்கக் கூடாது. மார்ச் 1 தொடக்கம் யூன் 30 வரை 500 மீற்றர். 300 மீற்றர் என்பது உதைபந்தாட்டத் திடல் மூன்றை நீளவாக்கில் அடுக்கிய தூரம். அக்கா கண்ட பொட்டு, கப்பல் சட்டத்தை மதித்து நடந்ததற்கு அடையாளம். கப்பலில் குறையில்லை. சட்டப்படி காட்ட முடியாததைக் காட்டுவேன் என்று விற்றவரில்தான் குறை.

வடதுருவ ஒளி இன்னும் மோசம். லோங்யியர்பியனில் ஏப்ரல் 20 அளவிலிருந்து ஓகஸ்ட் 22 அளவு வரை சூரியன் மறைவதே இல்லை. நடுச்சாமத்திலும் வெயில். இருள் இல்லாத வானத்தில் அந்த ஒளியை எப்படிப் பார்ப்பது? யூலைப் பயணத்துக்கு அதைப் போட்டு விற்றது இயற்கை ஏமாற்றிய கதையல்ல. அதே 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30ஆம், 31ஆம் பிரிவுகள் தடுக்கும் தவறான, பொய்யான கூற்று.

ஆனாலும் அக்கா தனியாக வழக்கு வைப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். கப்பலில் போனார், வால்ரஸ் பார்த்திருப்பார், பனியாறு பார்த்திருப்பார். கிடைக்காத ஒளிக்கு நீதிமன்றம் எவ்வளவு போடும் என்பது நிச்சயமில்லை. ரொறன்ரோவிலிருந்து அற்றோணித் தத்துவம் எழுதி, தூதரகத்தில் உறுதிப்படுத்தி, அதை இங்கே பதிந்து, பிறகும் சாட்சிக்கு அவரே வர வேண்டி வரலாம். வரவு எட்டணா, செலவு பத்தணா. அக்காவிடம் உள்ள துண்டுப்பிரசுரம் உங்கள் வழக்குக்குத்தான் பெறுமதி. யூலையில் வடதுருவ ஒளி விற்றவர், ஸ்வால்பார்ட் என்றால் என்னவென்று தெரியாமல் விற்றவர். வீசாக் கட்டத்தில் வந்த பிழையும் அதே அறியாமையால் வந்தது என்று காட்ட இதைவிட நல்ல தாள் கிடைக்காது. அதன் மூலப்பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள்.

பொலிஸ் வேண்டாம். எங்கள் ஆட்களுக்கு எதற்கும் முதலில் ஒரு என்ரி போட்டுவிட வேண்டும். மோசடி என்ற குற்றத்துக்கு, பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். இங்கே தெரிவது அறியாமையும் அசட்டையும். பொலிஸ் நிலையத்தில் ஒருநாள் இருந்துவிட்டு, "இது சிவில் அலுவல், கோட்டுக்குப் போங்கோ" என்ற பதிலோடு வருவீர்கள்.

அவசரம் வேறிடத்தில். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்து மூல முறைப்பாடு மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். யூலைப் பயணம் என்றால் ஒக்ரோபர் வரை இருக்கிறது என்று ஆறுதலாக இருக்காதீர்கள். வீசாச் சேவை வீசா கையில் கிடைத்த அன்றே முடிந்துவிட்டது, காலம் அன்றிலிருந்து ஓடுகிறது என்று முகவர் சொல்லக்கூடும். பயணம் முடியும்வரை அவருடைய சேவை தொடர்ந்தது என்பது எங்கள் பதில். அந்த வாதத்துக்கே இடம் வைக்காமல் இந்தக் கிழமையே கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள அவர்களின் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விசாரிக்கலாம். விசாரணைக்குப் பிறகு நட்டஈடோ பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ கட்டளையிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

அதோடு சட்டத்தரணி மூலம் ஒரு கோரிக்கைக் கடிதம், பதிவுத் தபாலில், பதினான்கு நாள் தவணையோடு போகட்டும். பெரும்பாலான முகவர்கள் இந்தக் கட்டத்தில் பேச வருவார்கள். ஊருக்குள் பெயர் கெடுவது அவர்களுக்கு வழக்கைவிடப் பயம். பேசி ஒரு நல்ல பங்கை வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் யாழ்ப்பாணம் மாவட்ட நீதிமன்றம். ஒப்பந்தம் இங்கே செய்யப்பட்டது, எதிராளி இங்கே இருக்கிறார். வழக்கை அங்கே விசாரிக்கும் அதிகாரத்துக்கு, அதாவது நியாயாதிக்கத்துக்கு, இரண்டில் ஒன்றே போதும். வழக்கு வைப்பதற்கான காலவிதிப்பு எழுத்து மூல ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், வாய்ப்பேச்சுக்கு மூன்று வருடம். ஆனால் வழக்கு வருடக்கணக்கில் இழுபடும் என்பதை உங்கள் வயதில் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

கப்பல் நிறுவனத்தை முழுதாக விட்டுவிடவும் வேண்டாம். அது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால், 2015ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பொதிப் பயணப் பணிப்புரை, வீசாத் தேவைகள் பற்றிய பொதுத் தகவலை விற்பனைக்கு முன்பே பயணிக்குத் தரச் சொல்கிறது. நோர்வேயிலும் அதற்கேற்ற சட்டம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் விற்ற பயணத்துக்கு அது எவ்வளவு தூரம் வரும் என்பது வாதத்துக்குரியது. வழக்காக வேண்டாம், மகன் ஒஸ்லோவிலிருந்து ஒரு கடிதம் எழுதி, இந்தத் தகவல் எங்கே, எப்போது எங்களுக்குத் தரப்பட்டது என்று மட்டும் கேட்கட்டும். அவர்களின் பதில் "அதை முகவரிடம் அனுப்பினோம்" என்று வந்தால், அந்தத் தாள் முகவருக்கு எதிரான உங்கள் கோப்புக்குள் போகும்.

பத்து வீதக் கழிவுக் கடிதத்தில் கையொப்பம் வைக்க வேண்டாம். அதில் "இத்துடன் சகல கோரிக்கைகளும் தீர்ந்தன" என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். 34 இலட்சத்தை அந்த ஒரு வரிக்கு விற்றதாகிவிடும். மறுத்தும் எழுத வேண்டாம். "ஆலோசித்துப் பதில் தருகிறேன்" என்று வட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிட்டு, கடிதத்தின் பிரதியையும் இரண்டு பற்றுச்சீட்டுகளையும் கடவுச்சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியை நேரில் பாருங்கள்.