சம்பந்தி வீட்டு எலுமிச்சை மது

கேள்வி: இத்தாலியில் என் மகனுடைய மாமியார் எலுமிச்சைத் தோலை மட்டும் ஆல்கஹாலில் ஊறவைத்து 'லிமொன்செல்லோ' செய்கிறாராம். சாறு வேண்டாமா?
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: வேண்டாம் அம்மா. மணம் தரும் எண்ணெய் மஞ்சள் தோலில்தான் இருக்கிறது. அது தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். தோலை மெல்லிசாகச் சீவ வேண்டும். அடியிலுள்ள வெள்ளைப் பகுதி சேர்ந்தால் கசக்கும். ஊறியதும் வடிகட்டி, ஆறிய சர்க்கரைப்பாகு சேர்ப்பார்கள். அப்போது கலங்கினால் கெட்டுப்போனதாக நினைக்காதீர்கள். தண்ணீர் சேர்ந்ததும் எண்ணெய் நுண்துளிகளாகப் பிரிகிறது, அவ்வளவுதான். தென் இத்தாலியின் சொரெண்டோ, அமால்ஃபி கடலோரத்தில் இது வீட்டுக்கு வீடு கைமாறி வரும் பக்குவம். பாரூரில் எங்கள் அத்தை நார்த்தங்காய் ஊறும் ஜாடியை யாரையும் தொட விடமாட்டார். எனக்கு மட்டும்தான் உப்பின் அளவைச் சொன்னார். சம்பந்தியிடம் பக்குவத்தை நீங்களே கேட்டு எழுதி வையுங்கள். அப்புறம், உங்கள் நார்த்தங்காய்ப் பக்குவத்தையும் அவருக்குச் சொல்லுங்கள்.