வேதித் தொழிற்சாலைப் பாதுகாப்பைப் படிக்கத் தொடங்குபவர் எந்த அபாயக் கருத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்?

தீப்பற்றுநிலை, வெடிப்பு எல்லைகள், நச்சுத்தன்மை எனப் பட்டியல் நீளும். அந்த எண்களை ஒவ்வொரு பொருளின் பாதுகாப்புத் தரவுத்தாளிலும் பார்த்துக்கொள்ளலாம் என்பதால், அங்கே எளிதில் கண்ணில் படாத ஒன்றையே நான் முதலில் வைப்பேன்: வெப்பம் உண்டாகும் வேகத்துக்கும் வெளியேறும் வேகத்துக்கும் இடையிலான கணக்கு.

வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் பல வினைகளின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். குளிரூட்டியின் வழியே வெளியேறும் வெப்பமோ வெப்பநிலை வேறுபாட்டின் நேர்விகிதத்தில்தான் கூடும். முன்னது பின்னதை முந்திவிட்டால், வெப்பம் உமிழும் வினை தன்னைத்தானே சூடேற்றிக்கொண்டு கட்டுமீறிவிடும். கலன் பெரிதாகும்போது கொள்ளளவு பெருகும் அளவுக்கு வெளிப்பரப்பு பெருகுவதில்லை. ஆகவே ஆய்வகக் குடுவையில் சாதுவாக இருந்த வினை, பெரிய ரியாக்டரிலும் அப்படியே இருக்கும் என்று நம்ப இடமில்லை.

இது ரியாக்டருக்கு மட்டும் உரிய கவலை என்று அனுபவசாலிகள்கூட நினைப்பதுண்டு. 2020 மே 7 அதிகாலை விசாகப்பட்டினத்தின் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையில் கட்டுமீறியது ஒரு சேமிப்புத் தொட்டி. அதில் இருந்த ஸ்டைரீன் என்ற திரவம் சும்மா கிடந்தாலும், அதன் மூலக்கூறுகள் சங்கிலியாக இணைந்து மெல்ல மெல்லப் பாலிமராக மாறி வெப்பத்தை வெளியிடும். அதைத் தடுக்க டிபிசி என்ற தடுப்பானைப் பத்து லட்சத்தில் சில பங்கு அளவில் கலப்பார்கள். அது நாளடைவில் தீர்ந்துபோகும், வேலை செய்யக் கரைந்த ஆக்ஸிஜனும் வேண்டும். பொதுமுடக்கத்தால் ஆலை வாரக்கணக்கில் ஓடாமல் கிடந்தது. வெப்பநிலை தொட்டியின் அடிப்பகுதியில் மட்டுமே அளக்கப்பட்டதால், மேலடுக்கு சூடேறியதை யாரும் அறியவில்லை. பதிவேட்டில் எழுதப்பட்ட எண் சரியானதுதான். அது குளிர்ந்த பகுதியின் எண். ஆவி பரவி 12 பேர் இறந்தார்கள்.

இங்கே அபாயத்தையும் (தீங்கு செய்யக்கூடிய இயல்பு) இடரையும் (அந்தத் தீங்கு நேரும் வாய்ப்பு) பிரித்துப் பார்க்க வேண்டும். பாலிமராகும் இயல்பு ஸ்டைரீனோடு பிறந்த அபாயம். தடுப்பானும் குளிரூட்டலும் இடரைக் குறைக்குமே தவிர, அந்த இயல்பை மாற்றா. தொட்டியில் வைத்திருக்கும் அளவைக் குறைப்பதுதான் மூலத்தையே தொடும் வழி என்பது என் கருத்து, கொள்முதல் துறையினருக்கு அது பிடிக்காது என்றாலும்.

ஆகவே புதிய பொருள் ஒன்று ஆலைக்குள் வரும்போது, வெப்பம் சற்றும் வெளியேறாவிட்டால் அதன் வெப்பநிலை எவ்வளவு உயரும், குளிரூட்டல் நின்றால் கட்டுமீற எத்தனை மணி நேரம் ஆகும் என்ற இரண்டையும் கலோரிமீட்டர் (வெப்பத்தை அளக்கும் கருவி) சோதனை முடிவுகளோடு கேட்டு வாங்குங்கள். அந்த நேரம் ஒரு ஷிப்டைவிடக் குறைவாக இருந்தால், ஆள் வந்து வால்வைத் திறப்பார் என்பதைப் பாதுகாப்பு ஏற்பாடாக ஏற்றுக்கொள்ளாதீர்கள்.