இலை உதிர்ந்த ஆர்க்கிட் தண்டை வெட்டலாமா?

கேள்வி: மாடியில் இருக்கும் டென்ட்ரோபியம் ஆர்க்கிட் ஐந்து வருடமாக ஒரே பிளாஸ்டிக் தொட்டியில் இருக்கிறது. தண்டுகள் வெளியே சரிந்து தொங்குகின்றன, பாதிக்கு இலையே இல்லை. பூத்து இரண்டு வருடம் ஆகிறது. காய்ந்த தண்டுகளை வெட்டிவிட்டுப் பெரிய தொட்டிக்கு மாற்றலாமா?
- வாசகி, தாம்பரம்

பதில்: தொட்டியை மாற்றத்தான் வேண்டும். ஆனால் பெரிய தொட்டி வேண்டாம், தண்டுகளிலும் அவசரப்பட்டுக் கை வைக்காதீர்கள்.

இலை உதிர்ந்த தண்டெல்லாம் செத்துப்போனதாக அர்த்தமில்லை. தண்ணீரையும் சத்தையும் அதில்தான் செடி சேர்த்து வைத்திருக்கிறது. புதுத் தளிர் அதை இழுத்துத்தான் வளரும். சில நேரம் பழைய தண்டின் நுனிக் கணுவிலிருந்தே பூங்கொத்தும் வரும். விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால், சுருக்கம் விழுந்திருந்தாலும் விட்டுவிடுங்கள். சொதசொதவென அமுங்குவதையும் உள்ளே சக்கையாகிப் போனதையும் மட்டும் அடியோடு வெட்டுங்கள்.

மாற்றுவதற்கு நேரம் பார்க்க வேண்டும். அடியில் புதுத் தளிர் இரண்டு, மூன்று அங்குலம் வளர்ந்து, அதன் அடியில் வேர் நுனி பச்சையாக எட்டிப் பார்க்கும்போது செய்யுங்கள். வேர் நீண்ட பிறகு கை பட்டாலே ஒடியும். மொட்டு வைத்திருந்தால் பூத்து முடியட்டும்.

தொட்டியோடு அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டால் வேர்கள் வளைந்து கொடுக்கும். பிறகு பிளாஸ்டிக்கைக் கிழித்தே எடுங்கள், செடியைப் பிடித்து இழுக்க வேண்டாம். உள்ளே பழைய தேங்காய் மட்டை மக்கிச் சேறாகியிருக்கும். காற்றுப் புகாமல் வேர் அழுகியதும் பூக்காமல் போனதும் பெரும்பாலும் இதனால்தான். கெட்டியான வெள்ளை வேர் நல்ல வேர். பழுப்பாகி, உருவினால் தோல் கழன்று நூல் மட்டும் மிஞ்சினால் வெட்டிவிடுங்கள். கத்தரியை முதலில் தீயில் காட்டுங்கள். ஒரு செடியின் சாறு வழியாக வைரஸ் அடுத்த செடிக்குப் போய்விடும், அதற்கு மருந்து கிடையாது.

பிரிப்பதானால் ஒவ்வொரு பங்கிலும் மூன்று, நான்கு தண்டும் ஒரு புதுத் தளிரும் இருக்கட்டும். ஒற்றைத் தண்டாகப் பிரித்தால் பிழைக்கலாம், பூக்க வருடக்கணக்காகும். வெட்டுவாயில் சமையலுக்குப் போடும் இலவங்கப்பட்டைத் தூள் தடவுங்கள். வேரில் படக் கூடாது, அது வேரை உலர்த்திவிடும். ஒரு நாள் நிழலில் வைத்துவிட்டு நடுங்கள்.

பக்கவாட்டில் ஓட்டை உள்ள நான்கைந்து அங்குல மண் தொட்டி போதும். இன்னும் இரண்டு தண்டு வளர இடமிருந்தால் சரி. இஸ்திரிக் கடையில் கிடைக்கும் மரக்கரி இரண்டு பங்கு, ஓட்டுச் சில்லு ஒரு பங்கு, எல்லாம் ஓர் அங்குலத் துண்டுகளாக. கரித்தூளைக் கழுவிவிட்டு, இரவு முழுக்க ஊறவையுங்கள். மாடியில் காற்றும் வெயிலும் அதிகமென்றால் மட்டை நறுக்கு ஒரு கைப்பிடி சேர்க்கலாம். தோட்ட மண் ஒரு சிட்டிகைகூட வேண்டாம். பழைய தண்டு தொட்டி ஓரத்திலும் புதுத் தளிர் நடுவை நோக்கியும் இருக்க வேண்டும். தண்டுகளை இணைக்கும் கிழங்குப் பகுதி கரிக்கு மேலேயே உட்காரட்டும். பிறகு குச்சி நட்டு இறுகக் கட்டுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். செடி ஆடினால் புது வேர் நுனி கரியில் உரசி உரசியே கருகிவிடும்.

பத்து நாள் இலையில் தெளித்தால் போதும். பிறகு காலையில் மட்டும் ஊற்றுங்கள். தளிரின் குருத்தில் இரவு நீர் நின்றால் அழுகும். 50 சதவீத நிழல் வலை தேவை. புது வேர் ஓர் அங்குலம் நீண்டதும் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம், லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம், வாரம் ஒரு முறை கொடுங்கள். உப்புள்ள போர் தண்ணீரும், ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரும் வேர் நுனியைக் கருக்கும்.

கேள்வி: தண்டின் மேல் கணுவில் வேரோடு குட்டிச் செடி முளைத்திருக்கிறது. கிள்ளி நடலாமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: குட்டிக்கு இரண்டு அங்குல நீளத்தில் குறைந்தது மூன்று வேர் வரும்வரை தாய்த் தண்டிலேயே இருக்கட்டும். பிறகு கிள்ளாமல், கணுவை ஒட்டித் தீயில் காட்டிய கத்தியால் வெட்டி, மூன்றங்குலத் தொட்டியில் கரி மட்டும் போட்டு நடுங்கள். ஒரே செடியில் குட்டிகள் நிறைய வருகிறதென்றால் அடியில் வேர் அழுகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். தழைச்சத்து உரம் அதிகமானாலும் பூவுக்குப் பதில் குட்டி வரும்.